கூப்பிடப்படுகிறவர்



எரியோட்டுக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில், புதன்கிழமைதோறும் மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஜெபத்திற்காகக் கூடுகிறோம். நூற்பாலையில் முறைவேலை முடித்து வருவோரும், காட்டுவேலை முடித்துக் கைகால் கழுவி வருவோருமாகப் பதினைந்து பேர் இருப்போம். அவர்களில் முதிய தாயார் ஒருவர் உண்டு. எழுதப் படிக்க அறியாதவர். அவர் ஜெபிக்கத் தொடங்கினால் எப்போதும் ஒரே சொல்லில்தான் தொடங்குவார்: “ஏஞ் சாமி.” அதன் பின் மருமகளின் பிரசவம், ஆட்டுக்குட்டியின் நோவு, பெய்யாத மழை எல்லாம் வரிசையாக வரும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை, அவர் ஜெபித்து முடித்தவுடன் எங்கள் சபையின் சகோதரர் ஒருவர் அவரைத் திருத்தினார். “சாமின்னு சொல்லக்கூடாதும்மா. அது நாம விட்டுட்டு வந்தவங்க பேரு. தேவனேன்னு சொல்லுங்க, கர்த்தாவேன்னு சொல்லுங்க” என்றார். தாயார் தலையசைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னேன்.

அதற்குப் பின் வந்த வாரங்களில் அவர் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. மூன்றாம் வாரம் முடிந்தபின் அவர் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டேன். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே எழுதுகிறேன். “ஐயா, நா சாமின்னு கூப்பிட்டப்பத்தானே அவரு வந்தாரு. இப்ப வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டா, வேற ஆளக் கூப்பிடுற மாதிரி இருக்கு.”

இறையியல் கல்லூரியில் நான் கற்ற பாடங்களில் இந்த ஒரு வாக்கியத்துக்கு இணையானவை சிலவே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு சொல்லின் பூர்வீகம் அதன் பொருளைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்வியோடு பல நாட்கள் படித்ததில், நம் ஊருக்கு வெகுதொலைவான வட ஐரோப்பாவின் ஒரு சொல் எனக்குப் பேருதவி செய்தது. அதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் மக்கள் கடவுளைக் குறிக்க வழங்கும் சொல் ‘கூட்’. முதலெழுத்தைத் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரத்தைப்போல மென்மையாக ஒலித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘காட்’ என்கிறோமே, அதன் உடன்பிறந்த சொல் இது. இன்று கோப்பன்ஹேகனிலோ ஸ்டாக்ஹோமிலோ ஒரு குழந்தை இரவு ஜெபத்தில் இச்சொல்லைச் சொன்னால், நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் பிதாவையே அது கூப்பிடுகிறது. இதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் இச்சொல் சுவிசேஷத்தோடு அந்நாடுகளுக்குப் போனதன்று. சுவிசேஷம் போவதற்கு முன்பே அங்கிருந்தது. பழைய நார்ஸ் மொழியில் ‘கோத்’ என்றும் ‘குத்’ என்றும் ஒலித்த இச்சொல், ஓடின், தோர், ஃப்ரெய் முதலான தெய்வங்களுக்கு வழங்கியது. அதிலும் ஒரு வியப்பு உண்டு. அம்மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத பால் என மூன்று பால்கள் உள்ளன. இச்சொல் அந்த மூன்றாம் பாலில், பெரும்பாலும் பன்மையில் வழங்கியது. நம் இலக்கணப்படி சொன்னால் ‘அவை’ என்ற நிலை. அம்மக்கள் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபின், அதே சொல்லை ஆண்பாலிலும் ஒருமையிலும் வழங்கத் தொடங்கினார்கள். ‘அவை’ என்றிருந்தது ‘அவர்’ ஆயிற்று. காலப்போக்கில் ‘கோத்’ என்ற வடிவம் பழைய தெய்வங்களுக்கும், ‘குத்’ என்ற வடிவம் மெய்யான கடவுளுக்கும் உரியதாகப் பிரிந்து நின்றது. ஒரு மக்களின் மனந்திரும்புதல் அவர்களுடைய இலக்கணத்திலேயே பதிவாகியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் பின்னோக்கிச் சென்று இச்சொல்லின் வேரைத் தேடியவர்கள் இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள். ஒன்று, ‘அழைத்தல்’ என்ற பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து வந்தது, ஆகவே ‘கூப்பிடப்படுகிறவர்’ என்று பொருள் என்பது. மற்றொன்று, ‘வார்த்தல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது, ஆகவே பானபலி வார்க்கப்படும் தெய்வம் என்று பொருள் என்பது. இந்த இரண்டாவது வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் பிறந்த சொல் ஒன்று நமக்கும் நன்கு தெரிந்ததே. அது ‘ஓமம்’. இவ்விளக்கம் சரியாயின், ஆங்கில வேதாகமத்தின் முதல் வசனத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லும், ஓமகுண்டத்தில் நெய் வார்ப்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. சொல்லின் பிறப்பைக் கொண்டு தீட்டுப் பார்க்கத் தொடங்கினால், ‘பிரெய்ஸ் காட்’ என்று முகமன் கூறும் நம் இளைஞர்களை என்ன செய்வது?

இந்தச் சொல்லுக்கும் தமிழகத்துக்கும் ஒரு நேரடி உறவு உண்டு. 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் குடியேறினார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் அங்கே வந்து இறங்கினார். அவர் ஜெர்மானியர். அவரை அனுப்பியவரோ டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரெடெரிக். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிமுடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அம்மன்னருடைய முத்திரையை இன்றும் காணலாம். எங்கள் வாலிபரோடு அங்கே சென்றபோது அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்த மன்னர் செய்த மற்றொரு காரியம் அன்று எனக்கு நினைவில் இல்லை.

அதே மன்னரின் ஆதரவோடு 1721ஆம் ஆண்டில் ஹான்ஸ் எகெடெ என்ற போதகர் பனி மூடிய கிரீன்லாந்துக்குச் சென்றார். அங்கே அவருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் கடவுளைக் குறிக்க அம்மக்களின் மொழியில் தகுந்த சொல் கிடைத்ததாகத் தோன்றவில்லை. ஆகவே டேனியச் சொல்லையே அம்மொழியில் புகுத்தினார்கள். அது அம்மக்களின் நாவில் ‘கூட்டி’ என்று திரிந்தது. இன்றும் கிரீன்லாந்து மக்கள் கடவுளைக் ‘கூட்டி’ என்றே அழைக்கிறார்கள்.

ஒரே மன்னர், ஒரே நூற்றாண்டு. தரங்கம்பாடியிலும் அவ்வாறே நடந்திருக்கக்கூடும். நடந்திருந்தால் நாமும் ஏதோ ஒரு திரிந்த டேனியச் சொல்லால் ஜெபித்துக்கொண்டிருப்போம். ஆனால் சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து அகரம் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். கடவுளைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதைத் தமிழரிடமிருந்தே கற்றுக்கொள்ள முயன்றார்.

அந்த முயற்சி எளிதாக முடியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையார் நெடுங்காலம் ‘சர்வேசுரன்’ என்றார்கள். பப்ரிசியுஸ் ஐயர் தம் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ என்றார். 1871இல் வெளிவந்ததும், நம் கைகளில் பெரும்பாலும் இருப்பதுமான மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்கிறது. இவற்றுள் எந்தச் சொல் சபையில் பிறந்தது? ஒன்றுமில்லை. ‘ஈசுவரன்’ என்ற சொல்லும் ‘பராபரன்’ என்ற சொல்லும் யாருடைய துதிகளில் வழங்கியவை என்பதை நீங்கள் அறிவீர்கள். ‘தேவன்’ என்பது விண்ணுலகத் தேவர்களைக் குறித்த வடசொல். ‘கடவுள்’ சங்க நூல்களிலேயே உள்ளது. ஜெபம், வேதம், ஆலயம், ஆராதனை ஆகிய எல்லாமே வேறொரு வாசலில் நின்றிருந்து நம் வீட்டுக்குள் வந்தவை. அவ்வாறிருக்க, ‘சாமி’ என்ற ஒரு சொல்லை மட்டும் வாசலில் நிறுத்தி விசாரிப்பது எந்த நியாயம்? அதன் மூலமான ‘சுவாமி’ என்பதற்கு உடையவர், எஜமான் என்று பொருள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் நம் ஆண்டவருக்கு வழங்கும் ‘கூரியோஸ்’ என்ற சொல்லுக்கும் அதுவே பொருள்.

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கேட்பவர் காதில் ‘எரி’, ‘ஓடு’ என்று இரு சொற்கள் விழும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் “எரியோடு ஒண்ணு” என்று சீட்டு வாங்குகிறவர் நெருப்பையும் நினைப்பதில்லை, ஓட்டத்தையும் நினைப்பதில்லை. தன் வீட்டை நினைக்கிறார். சொல்லைப் பிளந்து பார்ப்பவனைவிட அதில் குடியிருப்பவனுக்கே அதன் பொருள் நன்றாகத் தெரியும்.

வேதாகமமும் இதற்குச் சாட்சி. ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் சாலேமின் ராஜாவாகிய மெல்கிசேதேக்கு, தன் நாட்டில் வழங்கிய ‘ஏல்’ என்ற பெயரால் உன்னதமானவரை முன்னிட்டு ஆபிராமை ஆசீர்வதிக்கிறான். ‘ஏல்’ என்பது கானானியருடைய தலைமைத் தெய்வத்தின் பெயராகவும் இருந்தது. ஆபிராம் அந்தப் பெயரைத் தள்ளிவிடவில்லை. சில வசனங்களுக்குப் பின் அதையே எடுத்துக் கர்த்தருடைய நாமத்தோடு சேர்த்துச் சொல்கிறான். அத்தேனே பட்டணத்தில் பவுலும் அறியப்படாத தேவனுக்கென்று எழுதியிருந்த பலிபீடத்திலிருந்தே தன் பிரசங்கத்தைத் தொடங்கினார். அங்கே அவர் வழங்கிய ‘தியோஸ்’ என்ற சொல் அன்றுவரை சேயுசுக்கும் அப்பொல்லோவுக்கும் வழங்கிய சொல்லே.

இவ்வளவும் எழுதிவிட்டு, “ஆகையால் அந்தச் சகோதரர் செய்தது தவறு” என்று முடித்தால் எனக்கு எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது.

அந்தச் சகோதரர் யார் என்பதை நீங்கள் அறியவேண்டும். இரட்சிக்கப்படுவதற்கு முன் அவர் பல ஆண்டுகள் சாமியாடியாக இருந்தவர். திருவிழா நாட்களில் அருவாள்மேல் ஏறி நின்றவர். “சாமி வந்திருச்சு” என்று ஊரே அவர் காலில் விழும். மறுநாள் காலை உடம்பெல்லாம் வலியோடும், தான் என்ன சொன்னோம் என்ற நினைவே இல்லாத அச்சத்தோடும் எழுந்ததாக அவரே என்னிடம் கூறியிருக்கிறார். ‘சாமி’ என்ற சொல் காதில் விழும்போது இன்றும் அவர் முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று அசைகிறது. அந்தத் தாயாரை அவர் அகந்தையினால் திருத்தவில்லை. தனக்குக் காயம் தந்த கத்தியைத் தாயின் கையில் கண்டவனைப்போலப் பதறியே திருத்தினார்.

வேதாகமத்தில் அவருடைய பக்கத்துக்கும் சாட்சி உண்டு. ‘பாகால்’ என்ற சொல்லுக்கும் உடையவர், எஜமான், கணவர் என்றே பொருள். தாவீது பெலிஸ்தரை முறியடித்தபோது, கர்த்தர் தனக்குச் செய்த உதவியை நினைத்து அந்த இடத்துக்குப் பாகால்பிராசீம் என்று பேரிட்டான் (2 சாமுவேல் 5:20). அன்று அச்சொல்லைக் கர்த்தருக்கு வழங்குவதில் அவனுக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓசியாவின் நாட்களில் நிலைமை மாறியிருந்தது. ஜனங்களின் இருதயம் அந்தச் சொல்லின் வழியாகவே வேறு தெய்வத்திடம் போயிற்று. அப்போது கர்த்தர், இனி என்னை அந்தச் சொல்லால் அழைக்க மாட்டாய், என் கணவரே என்றே அழைப்பாய் என்கிறார் (ஓசியா 2:16, 17). சொல்லின் அகராதிப் பொருள் மாறவில்லை. அதைச் சொல்பவர்களின் இருதயம் போகும் வழி மாறியிருந்தது.

வடநாட்டுச் சரித்திரத்திலும் இவ்விரு பக்கங்களையும் காண்கிறேன். 1000ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்துத் தீவின் மக்கள் தங்கள் பொதுச்சபையில் கூடி, கிறிஸ்துவா பழைய தெய்வங்களா என்று பிளவுபட்டு நின்றார்கள். தீர்ப்பு, சட்டம் ஓதுபவரான தோர்கெய்ர் என்பவரிடம் விடப்பட்டது. அவர் இன்னும் பழைய மதத்தவர். ‘கோதி’ என்ற பட்டம் உடையவர். அப்பட்டம் நாம் மேலே கண்ட ‘கோத்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அவருடைய பெயரிலேயே தோர் என்ற தெய்வம் இருந்தது. அவர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் பேசாமல் கிடந்து, பின் எழுந்து, எல்லாரும் ஞானஸ்நானம் பெற்று ஒரே சட்டத்தின்கீழ் வாழவேண்டும் என்று அறிவித்தார். தீவு இரத்தம் சிந்தாமல் கிறிஸ்தவ நாடாயிற்று. அவருடைய பெயரை எவரும் மாற்றவில்லை.

ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே தீவில் ஹோலாரின் பேராயராகிய யோன் அவர்கள், பழைய தெய்வங்களின் பெயரால் கிழமைகளை அழைப்பதை நிறுத்தச் செய்தார் என்பது அந்நாட்டு மரபு. இன்றும் ஐஸ்லாந்தில் செவ்வாய் ‘மூன்றாம் நாள்’, புதன் ‘வார நடுநாள்’, வியாழன் ‘ஐந்தாம் நாள்’, வெள்ளி ‘உபவாச நாள்’. வெள்ளிதோறும் உபவாசக் கூடுகை நடத்தும் நம் சபையாருக்கு இது இனிக்கும். டென்மார்க்கிலும் சுவீடனிலுமோ வியாழக்கிழமை இன்றும் தோரின் நாளே. ஒரு நாட்டார் பெயர்களை விட்டார்கள், மற்ற நாட்டார் வைத்துக்கொண்டார்கள். இரு நாட்டாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே கர்த்தரைத் தொழுதார்கள். பெயரை மாற்றியதனால் ஐஸ்லாந்தியர் அதிகப் பரிசுத்தராகவும் இல்லை, மாற்றாததனால் டேனியர் தோரைத் தொழவும் இல்லை.

ஆகவே, பிரியமானவர்களே, என் மனதில் தெளிந்ததைச் சொல்கிறேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அதைச் சுத்தமென்றும் தீட்டென்றும் தீர்க்க நமக்கு உரிமையில்லை. அதைச் சொல்பவரின் இருதயம் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதே கேள்வி. அந்தத் தாயாருக்குச் ‘சாமி’ என்பது மெல்கிசேதேக்கின் சொல்லைப் போன்றது. ஆபிராமைப்போல அதைக் கர்த்தருக்கே உரியதாக்கிவிட்டார். அந்தச் சகோதரருக்கோ அது ஓசியா நாட்களின் சொல்லைப் போன்றது. அதை அவர் சொல்லாதிருப்பது கீழ்ப்படிதல். அவரை அதைச் சொல்லும்படி வற்புறுத்துவதும் பாவம், அவருடைய காயத்தைத் தாயாருக்குச் சட்டமாக்குவதும் பாவம். ரோமர் 14ஆம் அதிகாரத்தில் புசிக்கிறவனையும் புசியாதவனையும் ஒரே பந்தியில் அமர்த்தும் அப்போஸ்தலன், இவ்விருவரையும் ஒரே பாயில் அமர்த்துவார் என்றே நம்புகிறேன்.

மூன்றாவது ஒருவரும் அங்கே இருந்தார். நடப்பதைக் கண்டும் பாட்டின் எண்ணைச் சொன்ன போதகர். அந்த மாலையின் பெரிய தவறு அவருடையது. ஒரு விசுவாசியின் ஜெபம் நின்றுபோவதைக் காட்டிலும் கூட்டம் நேரத்துக்கு முடிவது அவருக்கு முக்கியமாயிருந்தது. இதை நான் அவ்விருவரிடமும் தனித்தனியே சென்று அறிக்கையிட்டேன். சகோதரரிடம் ஐஸ்லாந்தையும் டென்மார்க்கையும் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்கய்யா. அந்த அம்மா ஜெபிக்காம இருக்கறது என்னாலதானா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை அவர் முன்னதாகவே வந்து தாயாருக்கு அருகில் அமர்ந்தார். ஜெபவேளை வந்தபோது அவரே, “அம்மா, நீங்க ஜெபம் பண்ணுங்க” என்றார். தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “ஏஞ் சாமி” என்று தொடங்கினார். சகோதரரின் கை பாயின் ஓரத்தை இறுகப் பற்றியிருந்ததைக் கண்டேன். ஆடும் மழையும் பேரப்பிள்ளையும் எல்லாம் வந்து முடிந்தபோது, முதலில் “ஆமென்” சொன்னது அவர் குரல்தான்.

அந்த வடநாட்டுச் சொல்லுக்கு உரைக்கப்படும் இரு பொருள்களில் எது சரி என்று தீர்ப்பது மொழியறிஞர்களின் வேலை. ஆனால் ‘கூப்பிடப்படுகிறவர்’ என்பதை அன்று மாலை அந்தத் திண்ணையில் என் கண்ணால் கண்டேன். இந்த வாரம் உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒருவர் உங்களுக்குப் பழக்கமில்லாத சொல்லால் அவரைக் கூப்பிட்டால், திருத்துவதற்கு முன் அந்த ஜெபத்தை முழுவதும் கேளுங்கள்.

ஜெபம்: எங்களைப் பெயர்சொல்லி அழைத்த ஆண்டவரே, நாங்கள் உம்மை அழைக்கும் சொற்களெல்லாம் சிறியவை. எங்கள் குழறும் வார்த்தைகளுக்கும் நீர் செவிகொடுக்கிறீர். பிறருடைய ஜெபத்துக்கு நாங்கள் தடையாகாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். காயப்பட்டவர்களின் நினைவுகளை ஆற்றும். ஆமென்.